ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜூலை 3, புதன்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் பேரூராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து, எந்த வீட்டுத் தொட்டியில் எத்தனை கொசுப்புழு என்று எழுதி எழுதியே பேனாவைக் கண்டால் வெறுப்பாகிவிட்டது. ஆனால் டாக்டர் ஹஸீனா கண்டிப்பானவர். "காலைல எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கு, எந்த மூட்டுல வீக்கம், என்ன செய்ய முடியுது, என்ன முடியலை, எல்லாம் குறிச்சு வைங்க சார். அடுத்த தடவை வந்து 'பரவாயில்லை'ன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

நோயாளி நான் அல்ல, என் மனைவி சுகிர்தா. வயது அறுபத்தாறு. இரண்டு கை விரல்களிலும் முடக்குவாதம். தைலம், ஒத்தடம், மெடிக்கல் ஷாப்காரன் கொடுக்கும் வலி மாத்திரை என்று நாலு வருடம் ஓட்டிவிட்டோம். விரல் கணுக்கள் எல்லாம் சுண்டைக்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். இன்றைக்கு வைத்தியம் தொடங்கிவிட்டது. மஞ்சள் மாத்திரை இரண்டு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். "தினமும் போட்டா விஷம். இதுல விளையாடக் கூடாது" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையாட்டினேன். குளோரின் அளவு தெரிந்தவனுக்கு மருந்து அளவு தெரியாதா?

வாரம் ஒரு நாள் என்றால் எங்கள் வீட்டில் அது ஞாயிறுதான். சுகிர்தா எங்கள் ஊர் வேதக்கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து அந்த ஸ்டூல் அவளுடையது. மகள் எப்சி பிறந்தபோது மட்டும் சில வாரம் போகவில்லை. எனவே வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்து டப்பா இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டினேன். "கோவிலுக்குப் போய் வந்ததும் மஞ்சள் மாத்திரை 2." இதைவிடச் சுலபமான விதியை எந்த அரசாங்கமும் போட்டிருக்காது.

ஜூலை 4, வியாழன்

காலை விறைப்பு ஒன்றே கால் மணி நேரம். வலது கையில் அதிகம். தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனையில் மூன்றாவது பாமாலைக்குச் சரணம் நாலு. நாலும் பாடி முடித்து, சபை ஆமென் சொல்ல வாயைத் திறக்கும்போது சுகிர்தா ஐந்தாவது சரணத்தைத் தொடங்கிவிட்டாள். சபையார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், பாட ஒன்றும் இல்லை. ராகம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டே இருந்தது. குருவானவர் இருமினார். பிறகுதான் நிறுத்தினாள்.

வெளியே வரும்போது கோவில் செயலாளர் செல்வின் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "விரல் வலி ஓய்" என்றேன். வலி அதிகமானால் எங்கே நிறுத்துவது என்று எப்படித் தோன்றும்?

வீட்டுக்கு வந்ததும் முதல் மஞ்சள் மாத்திரை போட்டாள். தாளைக் காட்டிச் சிரித்தாள். "என்ன அத்தான், பள்ளிக்கூடத்துல ஒட்டுத மாதிரி ஒட்டிருக்கிய?"

ஜூலை 12, வெள்ளி

விறைப்பு ஒரு மணி நேரம். சாளை மீன் குழம்பில் உப்பு கரித்துக் கொட்டியது. இரண்டு தடவை போட்டிருக்கிறாள். கரண்டியைச் சரியாகப் பிடிக்க முடியாத கை உப்பை எப்படி அளந்து போடும்? மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சந்தைக்கு நானே போகிறேன். பையைத் தூக்க முடியவில்லை என்று அவள் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. கடைசியாகப் போன அன்று வெறும் பையோடு வெகு நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். விரல் அப்படி வலித்திருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

சாயங்காலம் செல்வின் வீட்டுக்கு வந்தார். முறுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே விஷயம் புரிந்தது.

"அண்ணாச்சி, நம்ம அக்கா வாசிச்சு வளந்த சபை இது. யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா போன மாசம் ரெண்டு தடவ, இந்த மாசம் மூணு தடவ ஆயிட்டு. கமிட்டியில பேசுதாவ. நம்ம பாட்டுக்குழுப் பிள்ள பெனிட்டா நல்லா வாசிக்கா. அக்காவுக்கு ஒரு பொன்னாடை போத்தி, மரியாதையா..."

"பொன்னாடை செத்தவனுக்கும் போத்துவாங்க" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறகு நிதானமாகச் சொன்னேன், இது விரல் வியாதி, தலை நன்றாகத்தான் இருக்கிறது, வைத்தியம் தொடங்கியாகிவிட்டது, பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் விரல் சரியாகிவிடும், சரியாகவில்லை என்றால் நானே அவளை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று. கோவில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் அந்தப் பண்டிகை அக்டோபரில்தான். செல்வின் ஒப்புக்கொண்டு போனார்.

சுகிர்தா அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். "ஸ்டூல எடுத்துருவாவளோ அத்தான்?" என்றாள். நான் இருக்கும்வரை எடுக்க மாட்டார்கள் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விறைப்பு அரை மணி நேரம். மருந்து பிடிக்கிறது! புடவையைத் தானே பிழிந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஓசூரிலிருந்து எப்சி பேசினாள். மகளுக்குத் தாயைப் பற்றிக் குறை. "அம்மா இன்னைக்கு ரெண்டு தடவ போன் பண்ணி, பெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமான கதைய முதல்ல இருந்து சொன்னாப்பா. நேத்தும் சொன்னா." ஒரு நல்ல சேதியை மூன்று தடவை சொன்னால் குடியா முழுகிவிடும்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் நேரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விறைப்பு பத்து நிமிடம்கூட இல்லை. இறால் உரித்தாள். மோதிரம் ஏறுகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

எண் பலகையில் இன்றைய பாமாலை எண்கள் பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள். சுகிர்தா போன ஞாயிறு பாடியதை வாசித்தாள். சபை பாதி அதைப் பாட, பாதி இதைப் பாட, சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆனால் வாசித்த வாசிப்பில் ஒரு குறை இல்லை. விரல்கள் ஓடின. ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

கண்தான் காரணம். கண்ணாடி போட்டு நாலு வருடமாகிறது. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

கண் டாக்டர் கண்ணாடி சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்கிறார். சின்ன வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அனுபவம் போதாது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பெனிட்டாவைப் பார்த்தோம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற பெண், நாங்கள் பார்த்து வளர்ந்தவள். சுகிர்தா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "பெரியப்பா, தப்பா நினைச்சுக்கிடாதிய. ப்ராக்டிஸ்ல பெரியம்மா ஒரே பாட்ட முடிச்சதும் திருப்பி முதல்ல இருந்து எடுக்காவ. முடிச்சாச்சுன்னு சொன்னா, 'எப்ப?'ன்னு கேக்காவ. நான் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை சரணம்னு சீட்டுல எழுதி ஆர்கன் மேல வைக்கேன். எனக்குப் பயமா இருக்கு பெரியப்பா."

"உனக்கு அந்த ஸ்டூல் வேணும்னா நேரடியாக் கேளு" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. பஸ் வந்ததும் முன் வாசல் வழியாக ஏறிக்கொண்டாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. சொல்லியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 28, சனி

மஞ்சள் மாத்திரை இரண்டு அட்டை வாங்கி வைத்தேன். பண்டிகை நேரத்தில் பாளையங்கோட்டைக்கு அலைய முடியாது. பண்டிகை அசன விருந்துக்கு இந்த வருடமும் தண்ணீர், சுகாதாரப் பொறுப்பு என் தலையில்தான். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எவனுக்காவது வயிற்றைக் கலக்கினால் சமையல்காரனைக் கேட்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டரைத்தான் கேட்பார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளை முதல் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கோவிலில் ஆயத்தக் கூட்டம். அடுத்த ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும். எல்லாக் கூட்டத்துக்கும் சுகிர்தாதான் வாசிக்கிறாள். குருவானவரே சொல்லிவிட்டார். இன்றைய மாத்திரை போட்டாயிற்று.

அக்டோபர் 8, செவ்வாய்

மேல்நிலைத் தொட்டி கழுவினோம். அடியில் ஒரு பல்லி. நான் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. சுகிர்தா கூட்டம் முடிந்து பக்கத்து வீட்டுக்காரர்களோடு முன்னாலேயே வந்திருந்தாள். "மாத்திரை போட்டாச்சு அத்தான்" என்று நான் கேட்காமலே சொன்னாள். பிரஷர் மாத்திரையைச் சொல்கிறாள். முன்பெல்லாம் நான் விரட்ட வேண்டும், இப்போது தானாகப் போடுகிறாள். நல்ல முன்னேற்றம்.

அக்டோபர் 10, வியாழன்

பந்தல் போட்டாயிற்று. ஆட்டுக்கிடாய்கள் வந்து கோவில் காம்பவுண்டுக்குள் கட்டியிருக்கிறார்கள். புழுக்கையை யார் அள்ளுவது என்று வாலிபர் சங்கத்தோடு எனக்குச் சண்டை.

கூட்டத்தில் சுகிர்தா நன்றாக வாசித்தாளாம். எல்லாமே அவளுக்கு அந்தக் காலத்திலிருந்து தெரிந்த கீர்த்தனைகள்.

அக்டோபர் 11, வெள்ளி

சுகிர்தாவுக்கு வாயெல்லாம் புண். ரசம்கூட எரிகிறது என்கிறாள். பண்டிகை அலைச்சல், உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை வாங்கித் தேங்காய்ப்பால் விட்டு வைத்துக் கொடுத்தேன். இளநீரும் வாங்கினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுக்கக் கூடாது. கோவில் நிரம்பி வெளியே பந்தல்வரை ஜனம். சுகிர்தா வெள்ளைப் பட்டு கட்டி, வாய்ப்புண்ணோடு ஒரு வாய் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பவனி உள்ளே வரும்போது எடுத்தாள் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு தப்பு இல்லை. சரணம் தவறவில்லை, எண் தவறவில்லை. பெனிட்டா பக்கத்தில் நின்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த விரல்கள் நாலு வருடம் மடங்காமல் கிடந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கடைசி வரிசையில் நின்று அழுதேன். பக்கத்திலிருந்தவன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும்.

அசனத்தில் செல்வின் எனக்குத் தானே கறி பரிமாறினார். "அண்ணாச்சி, வாக்குக் கொடுத்த மாதிரி காட்டிட்டிய. இனிமே கமிட்டியில யாரும் வாயத் திறக்க மாட்டாவ." அந்த ஸ்டூல் இனி அவளுடையதுதான்.

சுகிர்தா அசனத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

காய்ச்சல் நூற்று மூன்று. பல் விளக்கும்போது ரத்தம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி.

அக்டோபர் 16, புதன்

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. தட்டணுக்களும் குறைவு. தனி அறையில் வைத்து, முகமூடி போட்டால்தான் உள்ளே விடுகிறார்கள். டாக்டர் ஹஸீனா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, மஞ்சள் மாத்திரை எப்போது போட்டார்கள் என்பதுதான்.

ஞாயிறு மட்டும்தான் என்றேன். வீட்டிலிருந்து அட்டைகளை எடுத்துவரச் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போய் அலமாரியைத் திறந்தேன். இருபது மாத்திரை வாங்கி வைத்தது. நாலுதான் மிச்சம்.

திரும்பி வந்து சுகிர்தாவிடம் கேட்டேன். வாய்ப்புண்ணோடு மெதுவாகச் சொன்னாள். "கோவிலுக்குப் போய்ட்டு வந்ததும் போடணும்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கிய. தினமும் வந்ததும் பாத்தேன். போட்டேன்."

"அது ஞாயித்துக்கிழமைக்குல்லா?"

"தினமும் கோவில் இருந்துச்சு. எல்லா நாளும் ஞாயித்துக்கிழம மாதிரித்தான் இருந்துச்சு அத்தான்."

அந்தத் தாளில் நான் கிழமையே எழுதவில்லை.

டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார். எத்தனை நாளாக மறதி என்று கேட்டார். மறதியெல்லாம் இல்லை, விரல்தான் பிரச்சினை என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"விரலுக்கு மறதி வராது சார்" என்றார் அவர். அதட்டவில்லை.

நான் சொன்னேன். ஐந்தாவது சரணம், உப்பு, எப்சியின் போன், எண் பலகை, பெனிட்டா எழுதி வைக்கிற சீட்டு. சந்தைக்குப் போனவள் வெறும் பையோடு ஆட்டோவில் வந்த நாளையும் சொன்னேன். ஆட்டோக்காரன் அன்றைக்கு என்னிடம், "அம்மா வீடு எங்கன்னு சொல்லத் தெரியாம நின்னாவ, நான்தான் விசாரிச்சுக் கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லியிருந்தான். அதை இங்கே நான் எழுதவில்லை.

மூட்டு வியாதி தலைக்கு ஏறுமா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்தேன், டாக்டர் அப்படி நினைக்கவில்லை. "இந்த மாதிரி மூட்டு நோய் உள்ளவங்களுக்கு மறதி நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதல்னு ஆய்வுகள் சொல்லுது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியலை. மூட்டை வீங்க வைக்கிற அழற்சி உடம்பு முழுக்க ஓடுது. வருஷக்கணக்கா வலி, தூக்கம் இல்லை, வெளியே போறது குறைஞ்சு போகுது, நாலு பேர்கிட்ட பேசறது குறைஞ்சு போகுது. எல்லாம் சேர்ந்து இருக்கலாம். ஆனா உங்க மனைவிக்கு இதனாலதான் அதுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல அவங்க பிழைச்சு வரட்டும். அப்புறம் அதைப் பாப்போம்."

பிழைத்து வரட்டும் என்றார். அந்த வார்த்தை என்னை உட்கார விடவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அணுக்கள் இன்னும் ஏறவில்லை. விஷத்தை முறிக்கிற மருந்து நரம்பில் ஏறுகிறது. எப்சி ஓசூரிலிருந்து வந்துவிட்டாள், என்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் காலரா வந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. சுகிர்தா இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. காய்ச்சல் இறங்கிவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெனிட்டா ஆராதனை முடிந்ததும் கஞ்சி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க பெரியப்பா, கஞ்சி ஆறிரும்" என்றாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். தாளைக் கிழித்தேன். மருந்து எல்லாம் இனி என் அறைப் பெட்டியில்.

நவம்பர் 4, திங்கள்

நரம்பு டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு ஒரு பெண் சுகிர்தாவுக்குப் பரீட்சை வைத்தாள். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒன்றுகூட வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னாள். சுகிர்தா வரைந்த வட்டம் அழகான வட்டம், விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எண்கள் பன்னிரண்டையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிகிறது, எது என்று தெரியவில்லை.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "விரல் வலிக்கி" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

டிமென்ஷியா. ஆரம்ப நிலை என்றார். குணமாக்க மருந்து இல்லை, மெதுவாக்கப் பார்க்கலாம். தினமும் நடக்க வேண்டும், பாடச் சொல்லுங்கள், வீட்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள், மூட்டு வைத்தியத்தை நிறுத்திவிடாதீர்கள் என்றார். டாக்டர் ஹஸீனாவும் அதையேதான் சொன்னார். மருந்தை மாற்றிவிட்டார். இனி ஊசி, ஆஸ்பத்திரியிலேயே போடுவார்கள்.

நவம்பர் 7, வியாழன்

குளத்துக்கரைவரை நடந்தோம். வழியில் ஒரு வீட்டு வாசலில் டயருக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் சத்தம் போடப் போனேன், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ரிட்டயர் ஆயிட்டிய அத்தான்" என்றாள். அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் செல்வினைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் கோவில் மரத்தடியில் நின்றோம்.

"இனிமே பெனிட்டா வாசிக்கட்டும்" என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? அக்கா உடம்பு தேறி வரட்டும், நாங்க காத்திருக்கோம். விரல் சரியாயிட்டுல்லா?"

"விரல் சரியாயிட்டு. அதுனாலதான் வந்தேன்."

அவருக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் என் தோளில் கை வைத்தார். நான் கையை எடுத்துவிட்டு, பொன்னாடை எல்லாம் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம், யாரும் அவளிடம் வந்து கண்ணீர் வடிக்க வேண்டாம் என்றேன். சரி என்றார்.

இதை நான் இன்னும் சுகிர்தாவிடம் சொல்லவில்லை. உடம்பு தேறும்வரை கோவிலுக்கு வேண்டாம், கூட்டத்தில் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதை வைத்து நாளைக் கடத்துகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. இனி கோவிலுக்குப் போகலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். சுகிர்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பட்டை எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் சொல்லவில்லை. முப்பது வருடம் ஊரில் இருந்த கடை, ஓட்டல் எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகக் கண்டித்தவனுக்கு வீட்டில் ஒருத்தியிடம் ஒரு வாக்கியம் வரவில்லை.

எங்கள் கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நான் என் இடத்துக்குப் போனேன். சுகிர்தா நேராக முன்னால் ஆர்கனுக்குப் போய்விட்டாள். ஸ்டூலில் பெனிட்டா இருந்தாள். சுகிர்தா அவள் பக்கத்தில் போய் நின்றாள். பெனிட்டா பாதி எழுந்தாள், என்னைப் பார்த்தாள். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வின் குனிந்து காணிக்கைப் பையை நோண்டினார். நான் எழுந்து முன்னால் போய் அவள் கையைப் பிடித்தேன். விரல்கள் மெத்தென்று இருந்தன, எங்கும் வீக்கம் இல்லை. இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"அத்தான், இது பொம்பளைய இருக்கிற பக்கம். எந்திரிச்சுப் போங்க, சிரிப்பாவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தாள். "வலி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"விரல் இல்லளா" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

"தெரியும்" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "சந்தைக்குப் போன அன்னைக்கே தெரியும். நீங்க விரலு விரலுன்னு ஊரெல்லாம் சண்ட போட்டுட்டு இருந்திய. உங்களுக்கு அது வேணும்போலன்னு நானும் விரலுன்னே இருந்துட்டேன்."

பெனிட்டா முதல் பாமாலையைத் தொடங்கினாள். எல்லோரும் எழுந்தோம். எண் என்ன என்று சுகிர்தா கேட்டாள். சொன்னேன். புத்தகத்தைப் புரட்டி எடுத்துப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.